சுவரைத் தாண்டிய நூல்

காஞ்சிபுரத்தில் எங்கள் சபையின் கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டுபவர் அவர். ஒட்டிய கன்னம், மண் ஏறிய நகங்கள், யாரைப் பார்த்தும் சிரிக்காத முகம். மண்வெட்டியைத் தொடுமுன் தறிக்காரர்கள் கழித்துப்போட்ட பட்டுநூலை முளையடித்து இழுத்துக் கட்டுவார். ஆண்டவர் திரும்பி வரும் நாளில் கடைசி எக்காளம் ஊதும்போது, புதைக்கப்பட்டவர்கள் எல்லாரும் கிழக்கே பார்த்து எழவேண்டும். குழி நூலளவு கோணினாலும் அவருக்குப் பொறுக்காது.

தோட்டத்தின் நடுவே இடுப்பளவுச் சுவர். இந்தப் பக்கம் எங்கள் சாதி, அந்தப் பக்கம் காலனிக்காரர்கள். எழுதவே கை கூசுகிறது.

என் பெரியப்பா இறந்த அன்று அந்தப் பக்கமும் ஒரு சாவு. இரண்டு குழிக்கும் சேர்த்து ஒரே நூலைச் சுவருக்கு மேலாகக் கட்டியிருந்தார்.

“நம்ம பக்கத்துக்குத் தனியா கட்டுப்பா,” என்றேன்.

நிமிர்ந்தார். “எழுந்திரிக்கசொல்ல ரெண்டு பேரும் ஒரே பக்கம்தானே சார் பார்ப்பாங்க? மேல ஒரே வீடுன்னு வாரா வாரம் பாடிக்கினு, இங்க சுவர் வெச்சிருக்கீங்க. ஆண்டவரே வந்து இடிக்கட்டும்னு இருக்கீங்களா? அவரு வரசொல்ல இது நிக்கக்கூடாது சார். வெக்கமா இருக்குது.”

“அது பெரியவங்க கட்டினது.”

“அந்தப் பெரியவங்கள நான்தானே பொதைச்சேன்,” என்றார். நூலை அவிழ்க்கவில்லை.

அன்று அவர்மேல் வந்த கோபம் எப்போதோ என்மேலேயே திரும்பிவிட்டது. ஆனாலும் போன மாதம், அந்தச் சுவரைப் பூசி வெள்ளையடிக்கச் சபைக் கமிட்டி தீர்மானம் போட்டது. கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன்.