தேனீக்களுக்கு மட்டும் சொன்ன சேதி

ஹெஸ்டருக்குப் பிறவியிலிருந்தே ஒரு இடத்தில் இருப்புக் கொள்ளாது. விக்டோரியா மகாராணி கொலுவிருந்த காலத்தில், இங்கிலாந்தின் வில்ட்ஷயரில் ஒரு பெரிய வீட்டுக்குப் பாத்திரம் தேய்க்க வந்த தாயில்லாப் பிள்ளை. வயது பன்னிரண்டு. அதே வீட்டுத் தோட்டக்காரரான அப்பா ஏமஸைச் சிறைக்குக் கொண்டுபோனதிலிருந்து அவளுக்குச் சோறும் இறங்கவில்லை, தூக்கமும் பிடிக்கவில்லை.

எஜமானர் உடம்பு தேறக் கடற்கரை ஊருக்குப் புறப்பட்டபோது, தன் வெள்ளிக் கடிகாரத்தை அப்பாவுக்குப் பரிசாகக் கொடுத்தார். அதைத் திருட்டு என்றான், எல்லோரும் சின்னவர் என்று அழைக்கும் அவருடைய அண்ணன் மகன். கொடுத்தபோது வாசலில் நின்ற மிசஸ் டாப்லியோ, "நான் பாக்கலை" என்று கைவிரித்துவிட்டாள். வேலைக்காரர்களுக்கெல்லாம் தலைவி அவள். எஜமானர் திரும்பி வந்து ஒரு வார்த்தை சொன்னால்தான் அப்பாவுக்கு விடுதலை. நாளை விசாரணை.

வண்டிச் சத்தம் கேட்டபோதெல்லாம் ஹெஸ்டர் ஈரக் கையோடு வாசலுக்கு ஓடினாள்.

"ஏண்டி, கால்ல சக்கரமா கட்டியிருக்கு? ஐயா வர்றப்போ வருவாரு. போய் உருளைக்கிழங்கைச் சீவு!" என்று விரட்டினாள் மிசஸ் டாப்லி.

சற்று நேரத்தில் அடுப்புச் சாம்பலைக் கொட்டத் தோட்டத்துக்குப் போன ஹெஸ்டர் விக்கித்து நின்றாள். தேனீப் பெட்டிகளில் கறுப்புத் துணி! வீட்டு எஜமானர் இறந்தால், பெட்டியைத் தட்டித் தேனீக்களிடம் சொல்லித் துக்கத்துணி கட்ட வேண்டும். அவற்றிடம் மறைத்தாலோ, பொய் சொன்னாலோ, அடுத்த சாவு அந்த வீட்டில்தான். அந்தப் பக்கத்தில் இதை அறியாத குழந்தை இல்லை.

கடைசிப் பெட்டியில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள் மிசஸ் டாப்லி.

"ஐயா... செத்துட்டாரா?"

"கத்தாதடி! ஞாயித்துக்கிழமையே சேதி வந்துடுச்சு. தேனீக்கிட்ட மறைக்கப் பயந்துதான் துணி கட்டுறேன். வெளிய தெரிஞ்சா வீட்டைப் பூட்டிடுவாங்க. இந்த வயசுல நான் எங்க போவேன்? ஏழைங்க விடுதிக்கா?"

"தேனீக்குச் சொன்னீங்க. எனக்குச் சொல்லலையே! எங்கப்பாவுக்கு இனிமே யாரு இருக்கா?"

மிசஸ் டாப்லி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஹெஸ்டர் பாய்ந்து அவள் கையைப் பிடித்துப் பெட்டியின்மேல் வைத்து அழுத்தினாள்.

"இப்போ சொல்லுங்கம்மா. ஐயா கடிகாரத்தைக் குடுத்ததை நீங்க பாக்கலையா?"

உள்ளே தேனீக்கள் இரைந்தன. மிசஸ் டாப்லிக்குக் கண்ணீர் வந்தது.

"பாத்தேன்டி, பாவி நான்... என் கண்ணால பாத்தேன்!"

"அதை நீதிபதிகிட்ட வந்து சொல்லுங்க."

"சின்னவரு என்னைத் துரத்திடுவாரே..."

"துரத்தினா எங்க வீட்டுக்கு வாங்க. அப்பா வேண்டாம்னு சொல்ல மாட்டாரு."

"விசாரணை நாளைக்குத்தானேடி? தொப்பியாவது எடுத்துக்கிறேன், இரு!"

ஹெஸ்டர் இருக்கவில்லை. அந்தக் கையை விடாமல், நகரத்துக்குப் போகும் சேறும் சகதியுமான பாதையில் அவளை இழுத்துக்கொண்டு ஓடினாள்.