பெடலில் இருந்த கால்

நான் முன்கோபக்காரன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடத்தூர்ப் பக்கம், நாலைந்து ஊருக்கு ஜமீன் போல இருந்த ஒரு மிட்டாதாரிடம் பத்து வருஷத்துக்கு மேல் கார் ஓட்டினேன். அந்த வீட்டு வேலைக்காரர்களில் நான் கை வைக்காத ஆள் ஒருவர்கூட இல்லை. காரை வேடிக்கை பார்க்க வந்து மட்கார்டைத் தொட்டவனை அடித்திருக்கிறேன். ஒதுங்காத வண்டிக்காரனை இறங்கிப் போய் அடித்திருக்கிறேன். மிட்டாதார் என்னை அடிப்பார், நான் மற்றவர்களை அடிப்பேன். அந்த வீட்டில் பொழுது அப்படித்தான் போயிற்று.

கார் படு கிழடு. எவனோ ஒரு வெள்ளைக்காரன் ஓட்டிச் சலித்துவிட்டுத் தள்ளிவிட்டுப் போனது. அதில் கிளச்சு என்பது இப்போது இருக்கிற மாதிரித் தட்டு கிடையாது. இரும்பில் ஒரு கூம்பு, அதைச் சுற்றித் தோல் அடித்திருக்கும். இஞ்சினோடு சுற்றுகிற கனத்த சக்கரத்தின் குழிக்குள் அந்தக் கூம்பை ஒரு ஸ்பிரிங் அமுக்கிக்கொண்டே இருக்கும். பெடலை மிதித்தால் கூம்பு ஒரு விரல் போகிற அளவுக்கு விலகும். காலை எடுத்தால் பாய்ந்துபோய் அடைத்துக்கொள்ளும். சாமானிய ஸ்பிரிங் இல்லை அது. தர்மபுரி போய்த் திரும்புவதற்குள் என் இடது தொடை கடுகடுவென்று வலிக்கும்.

உலகச் சண்டைக் காலத்தில் அந்தத் தோல் தேய்ந்து வழவழத்துப் போயிற்று. சேலத்தில் கோர்ட்டு வாய்தா முடிந்து திரும்பும்போது தொப்பூர்க் கணவாயில் இஞ்சின் மட்டும் கத்துகிறது, கார் பின்னால் போகிறது. மிட்டாதாரின் பங்காளிதான் வழக்கில் எதிராளி. அவர் வில்வண்டியில் எங்களைத் தாண்டிப் போகும்போது தலையை நீட்டி, “ரெண்டு மாடு அவுத்து உடட்டுங்களா?” என்று கேட்டுவிட்டுப் போனார். மிட்டாதார் இறங்கினார். என்னையும் இறங்கச் சொன்னார். நடுரோட்டில் செவிட்டோடு சேர்த்து ஒன்று விட்டார். “அடுத்த வாய்தாவுக்கு இது மலை ஏறோணும். ஏறலன்னா உன் கையைக் காலை முறிச்சுப் போட்டுருவேன்” என்றார். செய்யக்கூடியவர்தான்.

புதுக் கிளச்சுக்குச் சேலத்தில் கேட்டேன், மதராசுக்கு ஆள் விட்டுக் கேட்டேன். சீமையிலிருந்து சாமான் வராது, சண்டை முடியட்டும் என்றார்கள். கடைசியில்தான் தோன்றியது, தோலுக்குத் தோல்காரரைத்தானே கேட்க வேண்டும் என்று. கிணற்றில் மாடு கட்டிக் கவலை இறைக்கிற தோல் பறியை எங்கள் பக்கத்தில் தைத்துக் கொடுப்பவர் ஒருவர் இருந்தார். ஊருக்கு வெளியே அவர்கள் தெரு. என்னைவிட வயதில் பெரியவர். அன்றைக்கு அவரை நான் ‘அவர்’ என்று சொன்னதில்லை, வாடா போடாதான். எழுதும்போதாவது ‘அவர்’ என்று எழுதிக்கொள்கிறேன்.

மிட்டாதாரின் வாசலைத் தாண்டி அவர் வரக்கூடாது. ஆகவே நானே கூம்பைக் கழற்றிக் கொல்லைப் புளியமரத்தடிக்குச் சுமந்துகொண்டு போனேன். நான் வாங்கி வைத்திருந்த தோலை அவர் ஒரு முறை மடக்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“இது கழுத்துத் தோலுங்க சாமி. இழுக்க இழுக்க நீளும். முதுவுத் தோலுதான் நிக்கும்.”

“எனக்கே சொல்லித் தர்றியாடா?” என்று ஓங்கினேன். ஓங்கினேனே தவிர, முதுகுத் தோல்தான் வாங்கி வந்தேன். அவர் அதை ஒரு நாள் முழுக்க ஊறப்போட்டு, ஈரத்தோடு கூம்பின்மேல் இழுத்துப் பூட்டி, செம்பு ஆணி அடித்து, விளக்கெண்ணெய் தடவினார். ஒரு சுருக்கம் இல்லை. அப்படி ஒரு வேலையை நான் சேலத்துப் பட்டறையில்கூடப் பார்த்தது கிடையாது. நல்லா இருக்கு என்று அவரிடம் சொன்னேனா என்றால் இல்லை.

வாய்தாவுக்கு முந்தின நாள் மத்தியானம், கொல்லைக்குத் தள்ளி வந்திருந்த காரில் கூம்பை மாட்டி முடித்தேன். இஞ்சினை எழுப்பிப் பெடலை விட்டால் உள்ளே கிரீச்சென்று ஒரு சத்தம். ஒரு ஆணித் தலை மேலே நிற்கிறது. மறுபடி எல்லாவற்றையும் கழற்றினால் பொழுது போய்விடும். மிட்டாதார் அதற்குள் இரண்டு தடவை வந்து கத்திவிட்டுப் போயிருந்தார். இஞ்சினை நிறுத்தினேன். பெடலை அமுக்கி வைத்துக்கொண்டு, அடியில் படுத்து, அந்த ஒரு விரல் சந்தில் கையை விட்டு ஆணியைத் தட்டி இறக்கிவிடலாம் என்று பார்த்தேன். பெடலுக்கு முட்டுக் கொடுத்த கட்டை இரண்டு முறை வழுக்கி விழுந்தது. ஆத்திரத்தில் கட்டையைத் தூக்கி எறிந்தேன். கொல்லையில் தோல்காரர் கூலிக்காக நின்றுகொண்டிருந்தார். கூப்பிட்டு, சீட்டில் ஏறிப் பெடலை மிதிக்கச் சொன்னேன்.

“அய்யோ, நான் அதுல உக்காரக் கூடாதுங்க சாமி. கீழ நின்னு கையால அமுக்கிக்கறனுங்க.”

“கையால அமுக்கினா அது உன்னத் தூக்கி எறியும். ஏறுடா.”

“எசமான் பாத்தா கொன்னுருவாருங்க.”

“ஏறலன்னா நான் கொல்லுவேன்” என்று பிடரியில் கை வைத்துத் தள்ளினேன். ஏறினார். சீட்டின் நுனியில் உட்கார்ந்தார். அப்படி உட்கார்ந்து மிதித்தால் பலம் வராது, முதுகைச் சாய்த்து மிதி என்று அதற்கும் திட்டினேன். சாய்ந்து மிதித்தார். கூம்பு விலகியது. “நான் சொல்றதுக்கு முந்திக் காலை எடுத்தா, என் வெரலு கூழாயிரும்” என்று சொல்லிவிட்டுக் காருக்கு அடியில் நுழைந்தேன். வலது கையை வளைத்துச் சந்துக்குள் விட்டேன். நான்கு விரலும் உள்ளே போய், ஆணித் தலையைத் தடவிக் கண்டுபிடித்துவிட்டேன்.

மிட்டாதாரின் செருப்புச் சத்தம் அப்போதுதான் கேட்டது.

அடியில் கிடந்த எனக்கு அவருடைய கால் மட்டும்தான் தெரிந்தது. முதல் அடி செருப்பால். “எவன்டா ஏத்துனது? என் சீட்டுல சாஞ்சு உக்காந்திருக்கற? எறங்குடா.” தோல்காரர் இறங்கவில்லை. பயத்தில் தமிழ் மறந்துபோய்த் தெலுங்கில் கெஞ்சினார். அவர்கள் வீட்டில் பேசுவது தெலுங்கு. அடுத்தடுத்துச் செருப்படி. கார் ஆடியது. என் கையை இழுத்தேன், வரவில்லை. மெதுவாக நுழைத்த கை, பதற்றத்தில் இழுத்தால் வருமா? விரல் கணு மாட்டிக்கொண்டது.

“எசமான், என் கை உள்ள மாட்டியிருக்குதுங்க. அவன் காலை எடுத்தா வெரலு போயிருங்க” என்று அலறினேன்.

“போனாப் போவுது. மொதல்ல இவன் எறங்கட்டும்” என்றார் மிட்டாதார். சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன், ஒரு சொல் கூட்டவில்லை.

பிறகு இஞ்சின் சுழற்றுகிற இரும்பு ஹேண்டிலை எடுத்திருக்கிறார். பெடலில் இருந்த அந்தக் காலின்மேல்தான் அடித்தார். முழங்காலில் ஒன்று, தொடையில் ஒன்று. ஒவ்வொரு அடிக்கும் கூம்பு நூல் அளவு முன்னால் வந்து என் விரலைத் தொட்டுவிட்டுத் திரும்பியது. எனக்கு வேட்டியிலேயே மூத்திரம் போய்விட்டது. அண்ணாந்து பார்த்தேன். தரைப்பலகையைக் கழற்றியிருந்ததால் தோல்காரர் தெரிந்தார். இரண்டு கையாலும் தன் தொடையைப் பிடித்து, காலைப் பெடலின்மேல் அழுத்திக்கொண்டிருந்தார். உதடு கிழிந்து ரத்தம் தாடையில் வழிந்தது. மூன்றாவது அடி கணுக்காலில் விழுந்தது. அப்போதும் கால் நகரவில்லை.

கையைத் திருகி, தோல் உரிய வெளியே இழுத்தேன். “எடுத்துட்டேன்” என்று கத்தினேன். அதன் பிறகுதான் அவர் காலை எடுத்தார். கூம்பு பாய்ந்துபோய் ஓங்கி அடைத்துக்கொண்ட சத்தத்தில் கார் முழுக்க அதிர்ந்தது.

நான் வெளியே ஊர்ந்து வருவதற்குள் மிட்டாதார் அவரை இழுத்துக் கீழே தள்ளியிருந்தார். அந்தக் கால் ஊன்றவில்லை. மட்கார்டைப் பிடிக்கப் போனவர், பிடிக்கக்கூடாது என்று கையை இழுத்துக்கொண்டு, ஒற்றைக் காலில் தடுமாறி நின்றார். என் கையைப் பார்த்தார்.

“வெரலெல்லாம் நல்லாருக்குதுங்களா சாமி?”

மிட்டாதார் மூச்சு வாங்கிக்கொண்டு என்னிடம் திரும்பினார். ஹேண்டில் இன்னும் அவர் கையில் இருந்தது. “இவனை ஆரு சீட்டுல ஏத்துனது? நீயா?”

தோல்காரர் தலையைக் குனிந்துகொண்டார். என்னைக் காட்டிக் கொடுத்திருந்தால்கூட எனக்கு இன்றைக்கு இத்தனை கேவலமாக இருக்காது.

“நான் கீழ நின்னு அமுக்கச் சொன்னனுங்க எசமான். அவனா ஏறி உக்காந்துகிட்டான்” என்றேன்.

“அப்புறம் என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்கற?”

ஓங்கி அறைந்தேன், வலது கையால். அவர் விழுந்தார். ஐந்து விரலும் அந்தக் கன்னத்தில் பதிந்திருந்தன. ஒன்றுகூடக் குறையவில்லை.