கீழ்வீட்டுக் கோழி

எனக்குப் பத்து வயதிருக்கும். சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குப் பின்னால் கால்வாய் ஓரமாகப் புதர் மண்டிக் கிடந்தது. விடிந்தும் விடியாததுமாக அந்தப் பக்கத்திலிருந்து 'குவாக், குவாக்' என்று ஒரு சத்தம் கிளம்பும். ஆரம்பித்தால் அரை மணிக்கு ஓயாது. அது என்ன என்று அம்மா கேட்டதற்கு, தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட அப்பா, "கானாங்கோழி" என்று முனகிவிட்டுப் போர்வையை இழுத்துக்கொண்டார். சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்த அம்மாவின் காதில் கோழி மட்டும்தான் விழுந்தது. அடுக்குமாடி வீட்டில் கோழி வளர்க்கக் கூடாது. கீழ்வீட்டு மலாய்க்கார அம்மா, நாங்கள் 'மக்சிக்' (அத்தை) என்று கூப்பிடுபவர்தான் திருட்டுத்தனமாக வளர்க்கிறார் என்று அம்மா முடிவுகட்டிவிட்டார்.

பள்ளி விட்டு வந்தால், அம்மா வேலை முடிந்து திரும்பும்வரை நான் மக்சிக் வீட்டில்தான் இருப்பேன்.

"நான் கம்ப்ளெயிண்ட் பண்ணப்போறேன். நீ இனிமே அங்க போக வேணாம்லா," என்றார் அம்மா. அந்த வீட்டில் கோழியே இல்லை என்று நான் சொன்னதை அவர் நம்பவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மக்சிக்கைக் காப்பாற்ற, நூலகத்துப் பறவைப் புத்தகத்தோடு கால்வாய்க் கம்பியோரம் போய் உட்கார்ந்தேன். முதல் நாள் சத்தம் மட்டும் கேட்டது. நான் எட்டிப் பார்த்தால் அதுவும் நின்றுவிடும். ஆடாமல் அசையாமல் இருக்க வேண்டும் என்று புரிய எனக்கு இரண்டு நாள் பிடித்தது. மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. புதர் விலகி அது வெளியே வந்தது. கறுத்த முதுகு, பவுடர் அப்பிய மாதிரி வெள்ளை முகம், வெள்ளை மார்பு. நடக்கும்போதெல்லாம் வாலை வெடுக் வெடுக்கென்று தூக்கியது. பின்னாலேயே கரிக்கட்டை நிறத்தில் நான்கு குஞ்சுகள்.

ஓடிப்போய் அம்மாவை நைட்டியோடு இழுத்து வந்தேன். துணி காயப்போட வந்த மக்சிக் எட்டிப் பார்த்து, "ருவாக்-ருவாக் லா!" என்று அதன் மலாய்ப் பெயரைச் சொல்லிச் சிரித்தார். தன்மேல் இருந்த குற்றச்சாட்டு அவருக்குக் கடைசிவரை தெரியாது.

"சரி, கோழி இல்ல," என்றார் அம்மா. "அதுக்காக எந்நேரமும் அங்கயே கெடக்கணுமா?"

ஆதாரத்தோடு நிரூபித்த பிறகும் இது என்ன அநியாயம் என்று எனக்குக் கோபம். அன்று சாயங்காலம் எனக்குத் தலை பின்னிவிட்டுக்கொண்டே, அந்த வீட்டில் அப்படி என்னதான் இருக்கிறது என்று அம்மா மெதுவாகக் கேட்டார். பறவையைக் கண்டுபிடித்த அதே நேர்மையோடு நான் யோசித்துச் சொன்னேன்.

"மக்சிக் எப்பவும் வீட்டுலயே இருப்பாங்கம்மா."

பின்னிக்கொண்டிருந்த கை சற்று நின்றது. பிறகு, நாளையிலிருந்து போகலாம் என்று அம்மா சொல்லிவிட்டார். நான் ஜெயித்துவிட்டேன் என்று துள்ளிக் குதித்தேன்.