மேல்வரிசைப் பல்

ஜூன் மாதச் சாரலில் தென்காசியிலிருந்து குற்றாலம் வரை ஓடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், வாயை மூடிக்கொண்டு ஓட முடியாது. நானும் வாயைத் திறந்துகொண்டுதான் ஓடினேன். குளிர்காற்று மேல்வரிசைப் பல் ஒன்றில் பட்டதும் சுரீரென்று மண்டை வரை இழுத்தது. வலப்பக்கக் கோரைப்பல்லுக்கு அடுத்த பல். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. பெண் காவலர் பணிக்கு எழுத்துத் தேர்வை முடித்துவிட்டு, உடற்தகுதித் தேர்வுக்காகப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தேன். வேகம் குறைந்துவிடும் என்று நின்றுகூடப் பார்க்கவில்லை.

வீட்டில் சொன்னபோது அம்மா பதறினாள். பல்லுக்காக இல்லை, கண்ணுக்காக.

“மேப்பல்லத் தொட்டா கண்ணு போயிரும்ட்டி. போலீஸ்ல மொதல்ல கண்ணத்தான் பாப்பாங்க. வேலை கெடைக்க வரைக்கும் ஆஸ்பத்திரி பக்கமே போவாத.”

எங்கள் பக்கத்தில் இதைச் சொல்லாத வீடு குறைவு. நான் வேதியியல் பட்டதாரி. ஆனாலும் நம்பினேன். எழுத வெட்கமாக இருக்கிறது. உங்கள் வீட்டிலும் இதே பேச்சு இருக்கலாம் என்பதால் எழுதுகிறேன். கிராம்புத் தைலத்தைப் பஞ்சில் நனைத்து வைத்தேன். மாத்திரை போட்டேன். இடப்பக்கமாகவே மென்றேன். தெம்புக்காகக் குளுக்கோஸ் தண்ணீரை நாள் முழுக்க மடக்கு மடக்காகக் குடித்தேன். படுக்கும் முன் பல் துலக்கும் வழக்கம் எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை.

தேர்வுக்குப் பத்து நாள் இருக்கும்போது உறவினர்களோடு ஐந்தருவியில் குளித்தேன். மறுநாள் காலை வலக்கன்னம் வீங்கியிருந்தது. அப்பா ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், எதற்கும் அசராதவர்.

“அருவித் தண்ணி அடிச்ச வீக்கம்ட்டி. ரெண்டு நாள்ல வத்திரும்.”

அருவிக்குத் தலையைக் கொடுக்கத் தெரியாமல் கன்னத்தைக் கொடுத்துவிட்டாள் என்று எல்லாரும் கேலி செய்தார்கள். நானும் சிரிக்கப் பார்த்தேன், வாய் திறக்கவில்லை. மூன்றாம் நாள் காய்ச்சலோடு எழுந்தபோது வலக்கண் மூடிக்கிடந்தது. எந்தக் கண்ணுக்காகப் பல்லைத் தொடாமல் இருந்தோமோ, அந்தக் கண்.

அன்றே தென்காசியில் ஒரு பல் மருத்துவரிடம் போனோம். படம் எடுத்துப் பார்த்தவர், வேர்நுனிச் சீழ்க்கட்டி (சொத்தை பல்லின் உள்ளே இறங்கி, வேரடியில் சீழ் சேர்வது) என்றார்.

“இந்தச் சீழுதாம்மா வீங்கிக் கண்ண மூடியிருக்கு. பல்ல எடுத்தா பார்வை போவாது. இப்படியே விட்டாத்தான் ஆபத்து.”

அப்பா முடிவோடு வந்திருந்தார். “பிடுங்கி எறிஞ்சிருங்கம்மா. அடுத்த வாரம் இவ ஓடணும்.”

“பிடுங்குனா சீக்கிரம் வத்திரும். ஆனா வேர் நல்லா இருக்கு சார், பல்லக் காப்பாத்தலாம். நாலு தடவ வரணும். ஓட்டத்துக்குள்ள தெம்பு வருமான்னு என்னால சொல்ல முடியாது.”

“ஒத்தப் பல்லுக்காக வேலைய விடுவாங்களா?” என்றார் அப்பா.

என் வாயைத் திறந்துவைத்துக்கொண்டு என்னைக் கேட்காமலே பேசினார்கள். எனக்குக் கோபம் வந்தது. இத்தனை நாள் சும்மா இருந்த என் மேலும் வந்தது.

“பல்லு இருக்கட்டும். நான் ஓடவும் செய்வேன்” என்றேன். வீங்கிய வாயில் அது எப்படிக் கேட்டதோ, அப்பா செலவு எவ்வளவு ஆகும் என்று மருத்துவரிடம் கேட்டார்.

சீழை வடித்து, காய்ச்சல் தணிந்த பிறகு வேர்சிகிச்சை (பல்லுக்குள் அழுகிய கூழை எடுத்துச் சுத்தம் செய்து அடைப்பது) தொடங்கியது. மரத்துப்போக ஊசி போட்டார்கள். ஊசி வலித்தது. மற்றதெல்லாம் நான் பயந்த அளவு இல்லை. நான்காம் நாள் கண் முழுதாகத் திறந்தது.

என் குளுக்கோஸ் பாட்டிலைப் பார்த்த மருத்துவர், “நாள்பூரா இதச் சப்பிக்கிட்டே இருந்தா பல்லு என்ன செய்யும்? குடிக்கணும்னா ஒரேயடியாக் குடி, வாயக் கொப்பளி. ராத்திரி பல்லத் தேச்சிட்டுப் படு” என்றார். இவ்வளவுதான். இதை ஒருவரும் இத்தனை வருடமாகச் சொல்லவில்லையே என்று ஆத்திரமாக வந்தது.

சொன்னபடி ஓடினேன். ஒரு விநாடி பிந்தியதால் தேறவில்லை. மைதானத்தின் ஓரத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

மூன்றாவது சிகிச்சைக்கு அம்மா துணைக்கு வந்தாள். என் முறை முடிந்ததும் மெதுவாக, “டாக்டரம்மா, எனக்கும் மேல ஒண்ணு இருக்கு” என்றாள். எட்டு வருடமாக ஒரு பக்கமாகவே மென்றிருக்கிறாள், கூடவே சாப்பிடும் எனக்குத் தெரியாது. அதைக் காப்பாற்ற வழியில்லை. எடுத்துவிட்டார்கள்.

வெளியே வந்த அம்மா, வாயில் பஞ்சைக் கடித்தபடியே ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு எதிரே நின்ற பேருந்தின் பலகையை எழுத்துக்கூட்டி வாசித்தாள். சிவகிரி. மறுகண்ணைப் பொத்தி மறுபடியும் வாசித்தாள்.

“தெரியுதுட்டி” என்றாள். எட்டு வருடம் வீணாக ஏமாந்துபோனவளின் குரலாக இருந்தது.

போன மாதம் சித்தி வீட்டுக்கு வந்திருந்தாள். “அந்தப் பல்லப் பிடுங்கியிருந்தா இந்நேரம் காக்கி போட்டிருப்பியேட்டி” என்றாள்.

“அடுத்த தடவையும் ஆள் எடுப்பாங்க சித்தி. பல்லு இன்னொருக்க முளைக்குமா?”



முன்பு விநாடிகளை மட்டும்தான் எண்ணுவேன். இப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருத்துவரிடம் போகிறேன், எழுபது வயதில் முறுக்கு கடிப்பதைப் பற்றியும் யோசிக்கிறேன். அந்தப் பல்லுக்கு உணர்ச்சி போய்விட்டது. மேலே உறை மாட்டியிருக்கிறார்கள். ஆனாலும் மற்றவற்றோடு சேர்ந்து அதுவும் மெல்கிறது. காவலர் பணிக்கான வயது வரம்பு முடிய எனக்கு இன்னும் மூன்று வருடம் இருக்கிறது. வேலையையும் விடமாட்டேன், பல்லையும் விடமாட்டேன்.