பலகையில் குணா, கடையில் நான்

போர்வெல் மோட்டார் வேலை ஒற்றை ஆள் செய்கிற வேலை இல்லை. ஒருவர் குழாயை மேலே இழுக்க வேண்டும், இன்னொருவர் போர் வாயில் உட்கார்ந்து அது நழுவாமல் கிளாம்பு போட வேண்டும். கூட்டாளியை நம்பிக் கடை பிடித்து, கடைசியில் தனியாக ஷட்டரைத் தூக்கியவர்கள் யாராவது இதைப் படித்தால், நான் அதிகம் விளக்க வேண்டியிருக்காது.

உத்திரமேரூரில் ஒரே மேஸ்திரியிடம்தான் நானும் குணாவும் தொழில் கற்றோம். வயலுக்குப் போய் மோட்டாரைத் தூக்குவது, இறக்குவது, கனெக்‌ஷன் பார்ப்பது எல்லாம் அவன். பட்டறையில் உட்கார்ந்து, எரிந்த மோட்டாருக்குக் கம்பிக் காயில் சுற்றுவது நான். சொந்தக் கடையைப் பற்றிப் பேசிப் பேசியே எத்தனை டீ குடித்திருப்போம்! இடம் பிடித்து, பலகையும் எழுதி வந்த வாரத்தில் அவனுக்குக் குவைத் விசா வந்துவிட்டது. வீடு கட்ட ஆரம்பித்திருந்தான், வேண்டாம் என்று நான் எப்படிச் சொல்வது? "ரெண்டே வருசம்டா" என்றான். தலையாட்டினேன்.

கம்பத்துக்குப் பின்னால்

'குணா - பவுல் மோட்டார் ஒர்க்ஸ்' என்று அழகாகத்தான் எழுதியிருந்தோம். கடைக்கு முன்னால் ஒரு கரண்டு கம்பம் நிற்கிறது. ரோட்டிலிருந்து பார்த்தால் பவுல், அதாவது நான், சரியாக அதற்குப் பின்னால் போய்விடுகிறேன்.

முதல் வாடிக்கையாளர் மொபெட்டில் வந்தார். "குணாதானே?" என்றார். நான் பெரிய யோக்கியன் மாதிரி, குணா குவைத் போனது, நான் அவனுடைய பார்ட்னர், எனக்கும் எல்லா வேலையும் தெரியும் என்று நீளமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். வண்டியை விட்டு மட்டும் இறங்கவில்லை.

"அப்டியா? அப்ப அவரு வந்ததும் சொல்லி அனுப்புப்பா, அதுவரிக்கும் பக்கத்துக் கயனிலருந்து பயிருக்குத் தண்ணி வாங்கிக்கிறேன்."

ஆள் பிடித்த கதை

அதற்குப் பிறகு யார் குணா என்று கூப்பிட்டாலும் "சொல்லுங்க" என்றுவிடுவேன். பிழைப்புக்காக என்றுதான் ஆரம்பித்தேன். ஆனால், அந்தப் பெயர் கடையில் அடிக்கடி கேட்பது எனக்குப் பிடித்தும் போயிற்று.

மானாம்பதியில் ஓர் அம்மா கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் வீட்டில் வேறு ஆள் இல்லை. நானே இழுத்து நானே கிளாம்பு போடப் பார்த்ததில், மோட்டார் போருக்குள் பாதியில் தொங்கிக்கொண்டு நின்றது. கயிறு உள்ளங்கையை அறுக்கிறது, மேலேயும் வரவில்லை, கீழேயும் விட முடியவில்லை. குணா இருந்தால் என் முகத்தைப் பார்த்தே கிளாம்பை நீட்டியிருப்பான். வேறு வழியில்லாமல் கத்தினேன். அந்த அம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து கயிற்றைப் பிடித்தார். பக்கத்து வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்களும் சேற்றுக் கையோடு ஓடி வந்தார்கள். மோட்டார் ஒருவழியாக மேலே வந்தது. எல்லோரும் மூச்சு வாங்கினோம்.

"ஏம்பா குணா, நாங்க உன்ன வேலைக்குக் கூப்ட்டமா, நீ எங்கள வேலைக்குக் கூப்ட்டியா?"

தண்ணீர்ச் சத்தம்

பெருநகர் என்கிற ஊரில் ஒரு வயலில் மோட்டார் ஓடியது, ஆனால் தண்ணீர் நூல் மாதிரி விழுந்தது. உள்ளே தண்ணீரைத் தள்ளுகிற ஃபேன் தேய்ந்திருக்கும் என்று முடிவு கட்டி, வயல்காரரும் அவர் மச்சானும் கயிறு பிடிக்க, மொத்தக் குழாயையும் தூக்கினேன். ஒரு குறையும் இல்லை. மறுபடி இறக்கினேன். மறுபடியும் நூல்தான். மச்சான் என்னைப் பார்த்த பார்வையைச் சொல்லாமல் விடுகிறேன்.

வரப்பு ஓரமாகப் போய்க் குணாவுக்கு வீடியோ கால் போட்டேன். வெள்ளிக்கிழமை, அவனுக்கு லீவு. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கம்பத்திலிருந்து புதிதாக ஒயர் இழுத்தார்களா என்று மட்டும் கேட்டான். முந்தின நாள்தான் இழுத்திருந்தார்கள். ஒயர் இடம் மாறிப் போனதில் மோட்டார் எதிர்ப்பக்கமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. வெளிவேலைக்காரன் முதலில் பார்ப்பது இதைத்தான், காயில் சுற்றியே வளர்ந்த எனக்குத் தோன்றவில்லை. மெயினை அணைத்து, இரண்டு ஒயரை மாற்றிப் போட்டு, ஸ்விட்சைத் தட்டினேன். தொட்டியில் தண்ணீர் பொத்துக்கொண்டு விழுந்தது. சந்தோஷத்தில் "வெக்கிறேன்டா" என்றேன். அவன் அவசரமாகத் தடுத்தான்.

"டேய், போன வெச்சிடாத, தொட்டியாண்ட காட்டு, கொஞ்ச நேரம் கேட்டுக்கினு இருக்கேன்."

புது ஆள்

ரெண்டு வருஷம் கழித்துக் குணா வந்தான். லீவில்தான் வந்திருக்கிறேன் என்றான். அது என் காதில் ஏறவேயில்லை. அவனுடைய டூல் பையைத் தட்டி, துரு எடுத்து, எண்ணெய் போட்டு வைத்தேன். ஒருநாள் வேலை பார்த்தால் அவனே போகமாட்டான் என்று ஒரு நப்பாசை.

அதே பெருநகர் வயலுக்கு, இந்தத் தடவை நிஜமாகவே எரிந்துபோன மோட்டாரைத் தூக்கப் போனோம். நான் இழுத்தேன், அவன் கிளாம்பு போட்டான். பிடி, விடு என்று ஒரு வார்த்தை பேசவில்லை. இவ்வளவு லேசான வேலையையா தனியாகக் கிடந்து இழுத்தேன் என்று நினைத்தபடி அடுத்த குழாயைத் தூக்கினேன். வரப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த வயல்காரர் எழுந்து வந்து, குணாவை மேலும் கீழும் பார்த்துவிட்டு என் தோளில் கை போட்டார்.

"இன்னா குணா, புதுசா ஹெல்ப்பர் வெச்சிக்கினியா? நல்ல ஆளா கீறாரு, வுட்டுடாத."

பஸ் ஸ்டாண்டு

குணா அன்று சாயங்காலம் வரை சிரித்துக்கொண்டிருந்தான். நானும் சிரித்தேன். ஆனால், அவன் கிளம்பிய அன்று செங்கல்பட்டு பஸ்ஸுக்கு நிற்கும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. "போவாதடா" என்று கேட்டே விட்டேன். வீட்டுக்கு இன்னும் தளம் போடவில்லை, சுவரோடு நிற்கிறது என்பது எனக்கும் தெரியும். தெரிந்தும் கேட்டேன். அவன் என் உள்ளங்கையைத் திருப்பி, கயிறு அறுத்த தழும்பைக் கட்டைவிரலால் தடவினான். பஸ் வந்தது. படியில் ஏறி நின்று சொன்னான்.

"ஹெல்ப்பருக்கு லீவு முடிஞ்சி போச்சி ஓனரே, எடத்த மட்டும் வேற யாருக்கும் குடுத்துடாத."

இப்போதும் யார் வந்து குணா என்று கூப்பிட்டாலும் ஓடிப்போய் முன்னால் நிற்கிறேன், நான் கூப்பிடுகிற குணாதான் இன்னும் வந்தபாடில்லை.