மீன் தண்ணீர் குடித்த சீனச் செடி

1968ஆம் ஆண்டு ஜூலை 14, ஞாயிற்றுக்கிழமை, மாலை ஐந்து மணி நாற்பது நிமிடம். வானத்தில் மேகம் இல்லை. பகலெல்லாம் புழுக்கம், கடற்காற்று அப்போதுதான் உள்ளே வந்திருந்தது. ராயபுரத்தில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் மொட்டை மாடியில் நான், என் மனைவி, அவள் தம்பி மூவரும் நின்றிருந்தோம். துறைமுகத்துக்குள் இடம் கிடைக்காத கப்பல்கள் வெளியே காத்துக் கிடந்தன. அந்த நேரத்து வெளிச்சத்தில் கடலையும் வானத்தையும் பிரிக்கும் கோடு மறைந்துவிடும். கப்பல்கள் தண்ணீரில் நிற்கின்றனவா, வானத்தில் தொங்குகின்றனவா என்று சொல்ல முடியாது.

நான் துறைமுகத்தில் டேலி கிளார்க். கிரேனில் இறங்கும் மூட்டைகளை எண்ணிக் கோடு போடுவது என் வேலை. வீட்டுக்கு வந்தாலும் எண்ணுவது நிற்காது. மாடிப்படி, கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருக்கும் காக்கை, மாதா கோவில் பூசையில் இருமுகிறவர்கள் எல்லாவற்றையும் எண்ணுவேன். கப்பலை எண்ணுவது மட்டும் மனைவியின் பங்கு. கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். மாலையில் மாடிக்கு வந்து, கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு, "நாலு கீது. ஒண்ணுக்குக் கறுப்புப் புகைக்கூண்டு, நடுவுல செவப்புப் பட்டை" என்பாள். மறுநாள் ஆபீசில் சரிபார்ப்பேன். பதினோரு வருடத்தில் ஒரு தடவையும் தப்பியதில்லை.

அன்று அவள் பார்த்துவிட்டு, "ரெண்டு கீது" என்றாள்.

நான் ஐந்து எண்ணி வைத்திருந்தேன். அவள் தம்பி என்னைப் பார்த்தான். அவன் சரக்குக் கப்பலில் சமையல்காரன். அந்த ஐந்தில் கடைசியாக நின்றது அவனுடைய கப்பல்தான். படகில் வந்து இறங்கி இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. அவள் இறங்கி டீ போடப் போனதும் அவன் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தான். உள்ளே உலர்ந்த திராட்சையைவிட மெலிந்த, செக்கச்செவேலென்ற பழங்கள்.

"ஹாங்காங்குல வாங்கினேன் மாமா. கண்ணுக்கு நல்லதுன்னு சீனாக்காரன் கஞ்சில போட்டுத் துன்றான். போன தபா வந்தப்பவே அக்கா ஊசில நூலு கோக்க மூணு தபா தடவுச்சு. நீ கவனிக்கலியா?"

நான் கவனிக்கவில்லை. ஊசி கோப்பதை யார் எண்ணுவார்கள்?

இப்போது அதைக் கோஜி பெரி என்று கண்ணாடிப் புட்டியில் அடைத்து, தங்கத்தைப் போல விலை போட்டு விற்கிறார்கள். பேரப்பிள்ளைகளுக்குத் தெரிகிறது. அன்றைக்கு எங்களுக்கு அது சீனப் பழம்.

ஒரு வாரத்தில் அவள் பொட்டலத்தைத் தின்று தீர்த்தாள். பார்வையில் மாற்றமில்லை. அடுத்த வாரம் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். இரண்டு கண்ணிலும் புரை, வலது கண்ணில் முற்றியிருக்கிறது, அறுத்து எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். அவளுடைய அத்தை ஒருத்தி அப்படி அறுத்துக்கொண்டு வந்து, அதற்குப் பிறகு சுவரைப் பிடித்தே நடந்தவள். டிராம் போன பழைய பாதை வழியாக ரிக்‌ஷாவில் திரும்பினோம். வீட்டு வாசலில் இறங்கியதும் சொன்னாள்:

"காஞ்சதுல இன்னா சத்து இருக்கும்? பச்சையா துன்னா சரியாவும். நீங்க அத வளருங்க. துன்னு பாக்குறேன். அப்பவும் தெரியலன்னா நீங்க சொல்ற எடத்துக்கு வர்றேன்."

"பழுக்கிற வரைக்கும்?"

"பழுக்கிற வரைக்கும் ஆஸ்பத்திரிப் பேச்சு எடுக்கக் கூடாது."

பொட்டலத்தின் மடிப்பில் மூன்று பழங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. தண்ணீரில் ஊறவைத்துப் பிளந்தேன். தக்காளி விதையைப் போலச் சின்ன மஞ்சள் விதைகள், மூன்றிலுமாக எழுபத்து நான்கு. பிஸ்கட் டப்பாவில் ஆணியால் ஓட்டை போட்டு, மணல் கலந்து, தூவினேன். பத்தாம் நாள் முளைத்தன. கத்திரி நாற்று என்று சொன்னால் யாரும் நம்புவார்கள். பதினேழு வந்து, பூனை கிளறிப் போக ஐந்து மிஞ்சி, அதிலும் நின்றது ஒன்று. பாதியாக வெட்டிய தகர டிரம் ஒன்றும் ஒரு வண்டி செம்மண்ணும் வாங்கி மாடிக்கு ஏற்றினேன்.

அதற்குப் பிறகு எனக்கு நிம்மதி இல்லை. உப்புக் காற்று அடித்தால் கவலை. ரயில் யார்டில் இன்ஜின் கரி கக்கினால் கவலை. அடைமழையில் டிரம்மின் மேல் குடை பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். கீழ் வீட்டில் இருந்த பாய் இரும்புச் சாமான் வியாபாரி. மாடிக்கு லுங்கி உலர்த்த வருவார். முதல் கோடையில் செடி இலையெல்லாம் உதிர்த்துவிட்டுக் குச்சியாக நின்றபோது அவர் இடுப்பில் கை வைத்துப் பார்த்தார்.

"இன்னா சார், தொடப்பத்துக்குத் தண்ணி ஊத்திக்கினு கீறீங்க?"

"உயிர் இருக்கு பாய்."

"எதுக்கு? தொடப்பத்துக்கா, உங்களுக்கா?"

உயிர் இருந்தது. ஆடியில் தூறல் விழுந்ததும் கணுவுக்குக் கணு பச்சை வந்தது. அதன் பிறகு என் மனைவி அதைக் கையில் எடுத்துக்கொண்டாள். எங்கள் பக்கத்தில் மீன் கழுவிய தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றுகிறவளைப் பொம்பளையாகவே மதிக்க மாட்டார்கள். முருங்கைக்கு, கறிவேப்பிலைக்கு, வாழைக்கு என்று எதன் காலிலாவது ஊற்றிவிட வேண்டும். எங்களுக்கு இருந்தது இந்த ஒரு டிரம்தான். நெத்திலி, சங்கரா, காரப்பொடி என்று காசிமேட்டில் என்ன வாங்கினாலும் அதன் செதிலும் ரத்தமுமாகத் தினமும் ஒரு சட்டித் தண்ணீர் சீனச் செடிக்குப் போனது.

செடி வெறி பிடித்தாற்போல் வளர்ந்தது. கொடி மாதிரிக் கொம்புகள் டிரம்மைத் தாண்டி வழிந்து, கைப்பிடிச் சுவரில் ஏறி, தெருப்பக்கம் தொங்கின. மாலையில் அதன் கீழே பாய் போட்டுப் படுத்தால் பச்சை வெளிச்சத்தில் கிடப்பதுபோல் இருக்கும். இலைகளுக்கு நடுவே கப்பல்கள் ஒவ்வொன்றாக விளக்கேற்றிக்கொள்ளும். நான் எண்ணுவேன், வாய்க்குள்ளேயே. அவள் இப்போதெல்லாம் எண்ணுவதில்லை. "காத்து நல்லா கீது" என்று மட்டும் சொல்வாள். பூவும் இல்லை, பிஞ்சும் இல்லை. இலைதான். அவள் அதைக் கிள்ளி இறாலோடு கீரையாகச் சமைத்தாள். லேசான கசப்போடு நன்றாகவே இருந்தது. "ஒரு ஆடு வாங்கிக் கட்டுங்க சார்" என்றார் பாய்.

அதற்குள் அவள் அடுப்பைத் தடவிப் பற்றவைக்கத் தொடங்கியிருந்தாள். பேரம் பேரம்தான், நான் வாயைத் திறக்க முடியாது.

1970 பிறந்தது. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் கறியை விடுவது எங்கள் வீட்டில் வழக்கம். மீனை விடுவதில்லை, மீனை விட்டால் எங்கள் பக்கத்தில் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள என்ன இருக்கிறது? அந்த வருடம் திருநீற்றுப் புதனன்று நெற்றியில் சாம்பலோடு வந்தவள், "மீனையும் வுட்டுட்டேன். கண்ணுக்காக நேந்துக்கினேன்" என்றாள். சட்டியைக் கவிழ்த்து வைத்தாள். நாற்பது நாளும் பருப்பு, கத்திரிக்காய், அப்பளம். செடிக்கு வெறும் கிணற்றுத் தண்ணீர், அதுவும் உப்புக் கரிக்கும்.

மூன்றாம் வாரம் இலை வளர்வது நின்றது. எனக்குப் பயம் வந்துவிட்டது. மீன் மார்க்கெட்டுக்குப் போய் அலசிய தண்ணீரை மட்டும் கேட்டு வாங்கி வரலாமா, அது விரதத்தை முறிக்குமா என்று பாதிரியாரிடம் கேட்கும் அளவுக்கு யோசித்தேன். கேட்பதற்கு முன்னால் ஒரு காலையில் இலைக்கக்கத்தில் ஒரு மொட்டு. மறுநாள் ஏழு. அப்புறம் பூக்கள்: சட்டைப் பொத்தான் அளவு, ஐந்து இதழ், ஊதா. தவக்கால வழக்கப்படி கோவிலில் மாதா, புனிதர் சுரூபங்களையெல்லாம் ஊதாத் துணியால் மூடியிருந்த நாட்கள். பூசை முடிந்து மாடிக்கு வந்து பார்த்தால் இங்கேயும் அதே நிறம். எது கோவில், எது மாடி என்று எனக்குக் கொஞ்ச நேரம் குழம்பும். தின்று கொழுத்த வரைக்கும் பூக்காத செடி, பட்டினி போட்டதும் பூத்தது.

"பூவு எப்படிக் கீது?" என்று கேட்டாள்.

"ஊதா."

"கிட்டக் காட்டுங்க." மூக்கு உரசும் அளவுக்குக் குனிந்தாள். "ஆமா" என்றாள். பார்த்துச் சொன்னாளா, எனக்காகச் சொன்னாளா, தெரியவில்லை.

ஈஸ்டர் முடிந்து வீட்டில் மீன் வந்தது. நான் சட்டித் தண்ணீரைச் செடிப்பக்கம் கொண்டுபோக விடவில்லை. நாற்பத்தாறு பூவில் இருபத்தெட்டு பிஞ்சானது. காற்று உதிர்த்தது, மைனா கொத்தியது. கொசுவலைத் துணி வாங்கிக் கொம்புகளைச் சுற்றிக் கட்டினேன். கடைசியாக ஒன்பது நின்றன, சின்ன மிளகாய் மாதிரி. பச்சை, அப்புறம் மஞ்சள், அப்புறம் ஆரஞ்சு. ஏப்ரல் கடைசியில் ஒரு சனிக்கிழமை மாலை முதல் மூன்று சிவந்தன. பறித்து அவள் உள்ளங்கையில் வைத்தேன்.

அவள் வெளிச்சத்துக்குத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பழுக்கல."

"பழுத்துடுச்சு."

"காயிங்க இது. கறுப்பாத்தான கீது. ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போவ அவசரப்பட்டுப் பறிச்சிட்டீங்க."

லுங்கி எடுக்க வந்த பாயைச் சாட்சிக்குக் கூப்பிட்டேன். அவர் பார்த்துவிட்டு, "அல்லா மேல ஆணையா செவப்பு, தங்கச்சி. சிக்னல் கணக்கா கீது" என்றார்.

"நீங்க ரெண்டு பேரும் கூட்டு. அவரு டீ வாங்கிக் கொடுத்திருப்பாரு."

"டீயா? இவரா? எண்ணி வச்சிருக்க சக்கரையில ஒரு கரண்டி கொறஞ்சாலே போலீசுக்குப் போவாரு."

அவள் சிரித்தாள். சிரித்தபடியே ஒன்றை வாயில் போட்டு மென்றாள். சிரிப்பு மெதுவாக நின்றது. பாய் லுங்கியை மடித்துக்கொண்டு சத்தமில்லாமல் இறங்கிப் போனார். இரண்டாவதையும் போட்டுக்கொண்டாள். மூன்றாவதை விரலால் உருட்டிக்கொண்டே ரொம்ப நேரம் கடல் பக்கம் பார்த்தாள். அன்று ஆறு கப்பல் நின்றன.

"இனிக்குதுங்க" என்றாள்.

மூன்றாவதையும் வாயில் போட்டுக்கொண்டாள்.

"பழம்தான் இது. எனக்குத்தான் தெரியல. நாளிக்கு ஞாயித்துக்கெழம. திங்கக்கெழம போவலாம்" என்றாள்.

வலது கண்ணை மட்டும் அறுத்தார்கள். தலை அசையாமல் இருக்க இரு பக்கமும் மணல் மூட்டை வைத்து மல்லாக்கப் படுக்க வைத்திருந்தார்கள். மூட்டை இரண்டு, எண்ணுவதற்கு அங்கே வேறொன்றும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து, செடியில் அன்றைக்கு எத்தனை இலை உதிர்ந்தது என்று சொல்வேன். கண்ணைக் கட்டிய நிலையில் கேட்டுக்கொண்டிருப்பாள். பழுக்கப் பழுக்க மீதிப் பழங்களை ஒவ்வொன்றாகக் கொண்டுபோய் வாயில் போட்டேன். ஐந்து போட்டேன். ஒன்றை மட்டும் பறிக்காமல் வலைக்குள் விட்டுவைத்தேன்.

கட்டுப் பிரித்து, புண் ஆறி, சோடா புட்டியின் அடிப்பாகம் போன்ற கண்ணாடியோடு அவள் மாடி ஏறியது ஜூன் மாதம். படி இருபத்து மூன்றும் அவளே ஏறினாள். செடி வழக்கம்போல் இலையெல்லாம் உதிர்த்துவிட்டுத் தொடப்பமாக நின்றது. வலையை அவிழ்த்தேன். குச்சியின் நுனியில் அந்தக் கடைசிப் பழம், கொஞ்சம் சுருங்கி, தொங்கிக்கொண்டிருந்தது. எட்டடி தூரத்திலேயே நின்றுவிட்டாள்.

"இவ்ளோ செவப்பா?"

கிட்டப் போகவில்லை, தொடவும் இல்லை. அதைப் பறிக்கக் கூடாது என்றாள். பிறகு கடல் பக்கம் திரும்பி, கண்ணாடிக்கு மேல் கையை வைத்துக்கொண்டு சொன்னாள்: "ஏழு கீது. ஓரமா நிக்கிறதுக்குப் பச்சைப் புகைக்கூண்டு."

நான் ஆறுதான் எண்ணியிருந்தேன். மறுநாள் ஆபீசில் பார்த்தேன். ஏழு.

சீனப் பழம் வளர்த்ததற்கு ஆன செலவு இவ்வளவுதான்: டிரம் ஒன்பது ரூபாய், ஒரு வண்டி செம்மண் ஏற்றுக்கூலியோடு பதினான்கு, கொசுவலைத் துணி மூன்று ரூபாய் இருபது பைசா, கண்ணாடி முப்பத்தைந்து. ஆக மொத்தம் அறுபத்தொரு ரூபாய் இருபது பைசா.