படிவத்தின் மூலையில் மஞ்சள்

ரங்கூனின் தாமுவே பகுதியில் நாங்கள் வாங்கிய வீடு ஐந்தாம் மாடியில் இருக்கிறது. லிஃப்ட் கிடையாது. ஏறி முடிப்பதற்குள் நாக்குத் தள்ளிவிடும். ஆனாலும் சொந்த வீடு. கல்யாணமான நாளிலிருந்து பசுந்தாங்கில் வாடகைக்கே இருந்த எனக்கும் என் மனைவிக்கும் அதுவே பெரிது.

வாங்கிய கையோடு வரி வந்து நின்றது. கொடுத்த பணம் ஏற்கெனவே வரி கட்டிய வருமானம்தான் என்று காட்டினால் கழிவு உண்டு. குறித்த நாளுக்குள் காட்டாவிட்டால் முழு வரி. அதைக் கட்டுவதென்றால் வாங்கிய வீட்டையே விற்க வேண்டும். படிவத்தைத் தாளிலும் கொடுக்கலாம், போனிலும் அனுப்பலாம் என்றார்கள். நான் போன் என்றேன், மனைவி தாள் என்றாள்.

"கையில குடுத்தா மஞ்சள் வச்சுக் குடுக்கலாம்ல."

ரங்கூனில் எங்கள் வீடுகளில் அது வழக்கம். பள்ளிக்கூட விண்ணப்பமோ பாஸ்போர்ட்டோ, எந்தத் தாளானாலும் நான்கு மூலையிலும் மஞ்சள் தொட்டு, சாமி படத்துக்கு முன்னால் வைத்து எடுத்துத்தான் கொடுப்போம். கப்பல் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த பிறகு எனக்கு அது கூச்சமாகிவிட்டது. பர்மியர்களோடு பர்மியனாகக் கலந்துவிட்ட ஆள் நான். ஆபீசில் என் பெயர்கூட வேறு.

"எதுக்கு அலையணும், போன்லயே முடிஞ்சிரும்," என்று சொல்லி அன்றைக்கே அனுப்பினேன்.

கடைசி நாளுக்கு முந்தின நாள் பதில் வந்தது. கழிவு கேட்பவர்கள் அசல் பத்திரங்களோடு நேரில் வந்து தாளில்தான் தர வேண்டுமாம். இதை முதலிலேயே சொல்லித் தொலைத்தால் என்ன? மனைவி குத்திக்காட்டவில்லை. நான் தாளில் எழுதி முடித்ததும் மஞ்சளைக் குழைத்துக்கொண்டு வந்து மூலைகளில் வைத்தாள். அவள் முகத்தில் இருந்த சந்தோஷம் எனக்கு எரிச்சலாக இருந்தது.

மறுநாள் வரி அலுவலகத்தில் நல்ல கூட்டம். எங்களுக்குப் பின்னால், என் கெட்ட நேரம், என்னோடு வேலை பார்க்கும் பர்மியர் ஒருவர் நின்றார். எங்கள் முறை வந்தது. சன்னலில் இருந்த பெண் கன்னத்தில் தனக்கா மரப்பட்டைச் சாந்து பூசியிருந்தாள். படிவத்தின் மூலையை விரலால் தடவிப் பார்த்து, மாமா என்கிற மரியாதையோடு பர்மிய மொழியில் கேட்டாள்.

"ஊலே, இது என்ன மஞ்சளா இருக்கு?"

"சாப்பிடும்போது கறி பட்டுடுச்சு," என்றேன்.

பின்னால் அந்த ஆள் சிரித்தார். நானும் கூடச் சிரித்தேன்.

"அப்படியா? உங்க ஆளுங்க சாமிக்கு வைக்கிற மஞ்சளோன்னு நினைச்சேன். அதுன்னா அப்படியே வாங்கிக்குவோம், நிறைய வருது. கறின்னா வேண்டாம், எண்ணெய் மத்த தாள்லயும் இறங்கிடும். வேற எழுதிட்டு வாங்க. சன்னல் மூடப்போற நேரம்."

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். என் மனைவிக்கு என்னைவிட நன்றாகவே பர்மிய மொழி தெரியும். பத்திரப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள்.

புதுப் படிவம் வாங்கி பெஞ்சில் உட்கார்ந்து எழுதினேன். இருவர் பேரிலும் வாங்கிய வீடு என்பதால் அவளும் கையெழுத்துப் போட வேண்டும். போட்டாள். மூடுவதற்குள் கொடுத்துவிட்டோம். மஞ்சள் வைத்த பழைய தாளை அவள் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

பஸ்ஸில், "ஆபீஸ் ஆளு பின்னால நின்னான், அதான்..." என்று ஆரம்பித்தேன்.

"சரி," என்றாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

கழிவு கிடைத்தது, வீடும் தப்பியது. வருகிறவர்கள் எல்லாம் என் கெட்டிக்காரத்தனத்தைப் புகழ்கிறார்கள். அவள் ஆசையாக வைத்ததை, அவள் காதுபடவே, சாப்பாட்டுக் கறை என்று சொன்னவன் நான். அதை நினைத்தால் எனக்கு உடம்பு கூசுகிறது. அவள் காப்பி கொண்டுவந்து வைக்கும்போது இன்னும் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

போன வாரம் கரண்ட் மீட்டரை எங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பம் வாங்கி வந்தேன். நானே மஞ்சள் டப்பாவைத் தேடி எடுத்து, தாளோடு அவள் பக்கத்தில் வைத்தேன். அடுப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்.

"போன்லயே அனுப்பிடுங்க. அதுல கறி படாது."